கர்ப்பப்பை நீக்கிய பிறகு: ஏமாற்றும் மூன்றாவது வாரம்

கேள்வி: டாக்டர், எனக்கு 44 வயது. பல வருடங்களாக மாதவிடாயில் அளவுக்கு மீறி ரத்தம் போய், ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கிவிட்டது. நார்க்கட்டிகள் இருப்பதாகச் சொல்லி லேப்ராஸ்கோப்பி மூலம் கர்ப்பப்பையையும் அதன் வாய்ப்பகுதியையும் எடுத்துவிட்டார்கள். ஓவரி இரண்டையும் விட்டுவைத்திருக்கிறார்கள். இன்றோடு 16 நாள். பத்தே நாளில் வலி போய்விட்டது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று 13-வது நாள் துணி அலசி, தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கி வைத்தேன். அன்று மாலை நாப்கினில் சிவப்பாக ரத்தம். மறுநாள் பழுப்பாகி நின்றுவிட்டது. அதிலிருந்து கட்டிலை விட்டு இறங்கவே பயமாக இருக்கிறது. "சின்ன ஓட்டை போட்டு எடுத்ததுதானே, 15 நாளில் எல்லோரும் எழுந்து வேலை பார்க்கிறார்கள்" என்கிறார் மாமியார். "மூன்று மாதம் படுத்தே இருக்கணும்" என்கிறார் அக்கா. யார் சொல்வது சரி? உள்ளே அந்த இடம் காலியாகிவிட்டதே, குடல் கீழே இறங்கிவிடாதா? காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. இன்னொன்று, கணவரோடு எப்போது சேரலாம்? நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ரத்தத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். அந்தப் பயம் இருக்கும்வரை நான் வேறு எது எழுதினாலும் உங்கள் மனதில் ஏறாது.

கர்ப்பப்பையை அதன் வாயோடு சேர்த்து எடுக்கும்போது பிறப்புறுப்புப் பாதையின் மேல்முனை திறந்துகொள்ளும். மூட்டையின் வாயைத் தைப்பதுபோல அதைச் சேர்த்துத் தைத்து மூடுவோம். உங்கள் வயிற்றில் மூன்று நான்கு சிறு தழும்புகள் இருக்கும். அவற்றைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா ஆபரேஷன்" என்று வீட்டில் எல்லோருக்கும் தோன்றும். பெரிய தையல் உள்ளே இருக்கிறது. அது யார் கண்ணுக்கும் படாது, உங்கள் கண்ணுக்கும்தான். அந்த நூலைப் பிரிக்க வேண்டியதில்லை, தானாகக் கரையும். கரைகிற சமயத்தில் ஒரு முடிச்சு தளரும், ஒரு சின்ன ரத்தக்குழாய் கசியும். இரண்டாம் வாரக் கடைசியில் இப்படி ஒரு நாள் சிவப்பாகப் படுவது பலருக்கும் நடக்கிறது. நாப்கினில் ஒரு துண்டு நூலைப் பார்த்துவிட்டு அலறியடித்துக்கொண்டு போன் செய்தவர்களும் உண்டு.

வாளியைத் தூக்கியதால் வந்திருக்கலாம். தூக்காமல் இருந்தாலும் வந்திருக்கலாம். ஒரே நாளில் பழுப்பாகி நின்றுவிட்டது, காய்ச்சல், வலி எதுவும் நீங்கள் எழுதவில்லை என்பதால் தையல் பிரிந்துவிட்டதாக நினைக்கக் காரணம் தெரியவில்லை. ஆனால் நான் உங்களைப் பரிசோதிக்கவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டருக்குத்தான் உள்ளே எப்படித் தைத்தார் என்பது தெரியும். இன்றைக்கே அவருக்குப் போன் செய்து, எந்த நாள், எத்தனை நாப்கின், என்ன நிறம் என்று மூன்றையும் சொல்லுங்கள். வாளி விஷயத்தை மறைக்க வேண்டாம். திட்டு விழுந்தாலும் பரவாயில்லை.

இனி மாமியாருக்கும் அக்காவுக்கும் வருகிறேன். இரண்டு பேரும் பாதி சரி.

1988-இல் அமெரிக்க டாக்டர் ஹாரி ரீச் லேப்ராஸ்கோப்பி மூலம் கர்ப்பப்பையை எடுத்துக் காட்டினார். அதற்கு முன்பெல்லாம் ஒன்று அடிவயிற்றைக் குறுக்கே வெட்ட வேண்டும், இல்லையென்றால் பிறப்புறுப்பு வழியாக எடுக்க வேண்டும். லேப்ராஸ்கோப்பி வந்த பிறகு வயிற்றுச் சுவரில் காயம் சிறிதானது, வலி குறைந்தது, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. இதெல்லாம் உண்மை. மாமியார் சொல்வதில் இந்தப் பாதி சரி. ஆனால் உள்ளே இருக்கும் அந்த மேல்முனைத் தையல், எந்த வழியில் எடுத்தாலும் தையல்தான். அது ஆறுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலத்தை லேப்ராஸ்கோப்பி சுருக்கிவிடவில்லை. இன்னும் சொல்லப்போனால், அந்தத் தையல் பிரிவது அபூர்வம் என்றாலும், மற்ற முறைகளைவிட லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகுதான் சற்று அதிகமாகப் பார்க்கிறோம். உள்ளே மின்சாரத்தால் சுட்டு வெட்டுவது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வலி சீக்கிரம் போய்விடுவதால் சீக்கிரமே வேலையில் இறங்கிவிடுகிறார்கள் என்பது இன்னொன்று.

வெட்டித் தைத்த திசு, பொதுவாக மூன்று வாரத்தில் பழைய பலத்தில் கால் பங்கைத்தான் எட்டியிருக்கும். சுமார் 80 சதவீதம் வர மூன்று மாதம் ஆகும்; அக்கா சொல்லும் மூன்று மாதத்தில் இந்தப் பாதி சரி. முழு நூறு வருவதே இல்லை. வலியோ பத்து நாளில் போய்விடுகிறது. வலி போன நாளுக்கும் தையல் பலப்படும் நாளுக்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறதல்லவா, நீங்கள் வாளியைத் தூக்கியது அந்த இடைவெளியில்தான். முதல் வாரத்தில் உடம்பே நம்மைத் தடுத்துவிடும்; தூக்க நினைத்தாலும் முடியாது. மூன்றாவது வாரத்தில் உடம்பு தடுப்பதில்லை. எனக்கு வரும் போன்களில் நிறைய இந்த வாரத்தில்தான் வருகின்றன.

சரி, அப்படியானால் அக்கா சொல்வதுபோலப் படுத்துவிடலாமா என்றால், அது இதைவிட ஆபத்து. ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களுக்கு ரத்தம் உறையும் தன்மை கூடுதலாக இருக்கும். அசையாமல் படுத்திருந்தால் காலின் ஆழத்தில் இருக்கும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி உருவாகலாம். அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நாங்கள் ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ பிடிவாதமாக எழுப்பி நடக்க வைப்பது அதனால்தான்.

இங்கே டாக்டர்கள் மேலேயும் ஒரு தப்பு இருக்கிறது. டிஸ்சார்ஜ் காகிதத்தில் "6 வாரம் ரெஸ்ட்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். நானும் வருடக்கணக்காக அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். என் தங்கைக்கு இதே ஆபரேஷன் நடந்தபோது அந்தக் காகிதத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "அக்கா, ரெஸ்ட்னா என்ன? மாடி ஏறலாமா? துணி மடிக்கலாமா? பிள்ளையைத் தூக்கலாமா?" என்று கேட்டாள். சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இப்போது சொல்கிறேன்: மாடி ஏறலாம், மெதுவாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. துணி மடிக்கலாம். பிள்ளையைத் தூக்கக் கூடாது; நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், பிள்ளை தானாக மடியில் ஏறட்டும். நடப்பது எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம். முதலில் வீட்டுக்குள் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. பிறகு வெளியே பத்து நிமிடம், இருபது நிமிடம். மறுநாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல இருந்தால் முந்தைய நாள் அதிகம் என்று அர்த்தம். ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

பாரம் தூக்குவதில் எத்தனை கிலோ என்று டாக்டர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. நான் ஆறு வாரத்துக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பேன். 15 லிட்டர் வாளியில் தண்ணீரின் எடை மட்டுமே 15 கிலோ. ஆனால் கிலோவைவிட எளிதான ஒரு அடையாளம் இருக்கிறது. ஒரு பொருளைத் தூக்கவோ தள்ளவோ மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தால் அது உங்களுக்கு அதிகம். மூச்சை அடக்கும் அந்த நொடியில் வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம் முழுக்கக் கீழே அந்தத் தையலின் மேல் போய் விழுகிறது. கட்டிலை நகர்த்துவது, ஈரப் போர்வையைப் பிழிவது, இறுகிய ஜன்னலை இழுப்பது எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

கட்டிலை விட்டு இறங்கப் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மல்லாந்து படுத்தபடியே நேராக எழுந்து உட்காராதீர்கள். இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதங்களை மெத்தையில் பதித்துக்கொள்ளுங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி, மரக்கட்டையை உருட்டுவதுபோல ஒருக்களித்துப் படுங்கள். கால்கள் இரண்டும் கட்டில் விளிம்பைத் தாண்டித் தொங்கட்டும். அவை கீழே இறங்குகிற அதே நேரம், மேலே இருக்கும் கையின் உள்ளங்கையை மெத்தையில் ஊன்றி, வாயால் மூச்சை விட்டபடி உடம்பை மேலே தள்ளுங்கள். வேலை முழுவதையும் கை பார்க்க வேண்டும், வயிறு சும்மா இருக்க வேண்டும். உட்கார்ந்ததும் எழுந்துவிடாமல், பாதங்களை நாலைந்து முறை மேலும் கீழும் ஆட்டி, தலை சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு நில்லுங்கள். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தலையணையைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். தும்மல் அதைத் தேடும்வரை காத்திருக்காது.

மலச்சிக்கலை யாரும் என்னிடம் கேட்பதில்லை, ஆனால் வாளிக்கு அடுத்த எதிரி அதுதான். உங்கள் ஹீமோகுளோபின் 7 இருந்திருக்கிறது என்றால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதுவும் மலத்தை இறுக்கும், சில வலி மாத்திரைகளும் இறுக்கும். முக்கி முக்கிப் போனால் வாளியைத் தூக்கியதற்குச் சமம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், நார்ச்சத்துள்ளதைச் சாப்பிடுங்கள், அப்படியும் போகாவிட்டால் டாக்டரிடம் கேட்டு லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உட்காரும் கழிப்பறையாக இருந்தால் பாதத்துக்கு அடியில் ஒரு சிறு முக்காலி போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள், எளிதாக இருக்கும். மலச்சிக்கல் வருகிறதே என்று இரும்பு மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ரத்தப்போக்கு நின்றுவிட்டதால் ரத்தம் தானாக ஊறிவிடும் என்று நினைக்கிறார்கள். உடம்பின் இருப்பு காலியாகக் கிடக்கிறது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் இருப்பு நிரம்பும். இப்போது உங்களுக்கு மத்தியானம் ஆனால் கண் சொருகுகிறது என்றால் அதில் பாதி ஆபரேஷன், பாதி இந்தப் பழைய கடன்.

குளிப்பது, வண்டி, ஆபீஸ் எல்லாம் சுருக்கமாக. தண்ணீரை ஊற்றிக்கொண்டோ ஷவரிலோ குளிக்கலாம், காயத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தொட்டியிலும் குளத்திலும் மூழ்குவது, நீச்சல் எல்லாம் ஆறு வாரம் தாண்டி, கசிவு சுத்தமாக நின்ற பிறகு. அதுவரை நாப்கின் மட்டும்தான், டாம்பான் கூடாது, உள்ளே எதையும் விட்டுக் கழுவவும் கூடாது. திடீரென்று முழு பலத்தோடு பிரேக்கை அழுத்தினால் வலிக்காது என்ற நிலை வந்தபின் வண்டி ஓட்டலாம். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு நான்கு முதல் ஆறு வாரம் போதும். நின்று, தூக்கிச் செய்யும் வேலைக்கு எட்டு வாரமாவது வேண்டும்.

உள்ளே காலியான இடம். கர்ப்பப்பை என்றதும் வயிறு நிறைய ஏதோ இருந்ததாக நினைக்கிறோம், கர்ப்பமாக இருந்த நினைவு அப்படி. சாதாரண நேரத்தில் அது உங்கள் கைமுட்டி அளவுதான். கட்டிகள் இருந்ததால் உங்களுடையது கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கும். அதை எடுத்த உடனேயே சுற்றியிருக்கும் குடல் அந்த இடத்தில் நகர்ந்து அமர்ந்துகொள்ளும். குடல் எப்போதுமே நகர்ந்துகொண்டிருக்கும் உறுப்பு, அதற்கு இது ஒன்றும் புதிதில்லை. கீழே தாங்குவது இடுப்புத் தளத் தசைகள். சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோலக் கீழ்த்தசைகளை உள்ளே இழுத்து, ஐந்து எண்ணி, விடுங்கள். பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. வலி இல்லாவிட்டால் இப்போதே தொடங்கலாம் என்பேன், டாக்டருக்குப் போன் செய்யும்போது இதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வருங்காலத்தில் உள்ளுறுப்புகள் கீழே இறங்காமல் இருக்கவும், தும்மினால் சிறுநீர் சொட்டாமல் இருக்கவும் வயிற்றுக்குக் கட்டும் பெல்ட்டைவிட இதுதான் உதவும். பெல்ட் இதமாக இருக்கிறது என்றால் நடக்கும்போது கட்டிக்கொள்ளுங்கள். கட்டாயம் ஒன்றுமில்லை.

அழுகை பற்றி. ஓவரி இரண்டும் இருப்பதால் உங்களுக்கு மாதவிடாய் நின்றிருக்கிறதே தவிர ஹார்மோன் நின்றுவிடவில்லை. ஆபரேஷனில் அவற்றின் ரத்த ஓட்டம் கொஞ்சம் அசைக்கப்பட்டிருப்பதால் சில வாரங்கள் உடம்பு குப்பென்று சூடாவது, வியர்ப்பது, எரிச்சல் எல்லாம் வரலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். மாதம் ஒருமுறை மார்பு கனப்பதுகூட உங்களுக்குத் தொடரலாம், ரத்தம் மட்டும் வராது. (ஓவரியையும் எடுத்துவிட்ட வாசகிகள் கவனிக்க: உங்கள் கதை வேறு. மெனோபாஸ் ஒரே நாளில் வந்துவிடும். 45 வயதுக்கு உட்பட்டவர்கள் எலும்புக்காகவும் இதயத்துக்காகவும் ஹார்மோன் சிகிச்சை பற்றி அவசியம் டாக்டரிடம் பேசுங்கள்.)

ஆனால் எல்லா அழுகைக்கும் ஹார்மோனைக் காரணம் காட்ட எனக்கு விருப்பமில்லை. பல வருடம் ரத்தப்போக்கோடு போராடி, மயக்க மருந்து, வலி, வீட்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம் என்று எல்லாவற்றையும் தாண்டி வந்திருக்கிறீர்கள். இனி குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள்கூட, அந்தக் கதவு மூடியதும் கொஞ்சம் துக்கப்படுகிறார்கள். அதற்குக் காரணம் கேட்டு உங்களை நீங்களே விசாரிக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்றி, எதிலும் நாட்டமின்றி, "இருந்து என்ன" என்கிற எண்ணம் வந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்து இருக்கிறது.

கூச்சப்பட்டுக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள், நல்லவேளை கேட்டீர்கள். கேட்காதவர்கள்தான் ஐந்தாவது வாரத்தில் ரத்தத்தோடு வருகிறார்கள். உறவுக்குக் குறைந்தது எட்டு வாரம். லேப்ராஸ்கோப்பி என்றால் சில டாக்டர்கள் 12 வாரம்கூடச் சொல்வார்கள். நாள் எண்ணுவதைவிட, மறுபரிசோதனையில் டாக்டர் உள்ளே பார்த்து "தையல் ஆறிவிட்டது" என்று சொல்வதுதான் கணக்கு. முதல் சில முறை நிதானமாக, வறட்சி இருந்தால் தண்ணீர் சார்ந்த ஜெல் தடவி, வலித்தால் நிறுத்திவிடுங்கள். கணவருக்கு வித்தியாசம் தெரியுமோ என்ற கவலை பலருக்கும் உண்டு. பாதையின் நீளம் சற்றுக் குறைந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு அது தெரிவதில்லை. மாதாமாதம் ரத்தப்போக்கும் வலியும் தொலைந்ததால் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்களே என்னிடம் அதிகம். கணவரிடம் இந்தப் பகுதியை மட்டுமாவது படிக்கக் கொடுங்கள். அவரும் யாரிடமும் கேட்க முடியாமல் இருப்பார்.

எதற்கெல்லாம் உடனே போக வேண்டும்? ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், பெரிய கட்டியாக ரத்தம் விழுந்தால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால், கசிவில் துர்நாற்றம் வந்தால், வயிறு உப்பி வாந்தி நிற்காமல் போனால் அன்றே காட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலைத் தொட்டால் வலித்தாலும் அப்படியே. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே நேராகப் போய்விடுங்கள். உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாமல் தண்ணீர் போல இடைவிடாது கசிந்து நாப்கின் நனைகிறது என்றால் அதை வெள்ளைப்படுதல் என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்ப்பையிலோ சிறுநீர்க் குழாயிலோ காயம் ஏற்பட்டிருந்தால் இப்படி ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தெரிய வரும். பிறப்புறுப்பில் ஏதோ வெளியே வருவதுபோலத் தோன்றினால், உள்ளே தள்ளப் பார்க்காமல், சுத்தமான ஈரத்துணியால் மூடி, படுத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிக மிக அபூர்வம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஒன்று மட்டும் இல்லை. எடுத்த கர்ப்பப்பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டதா? "கட்டிதானே, எடுத்தாயிற்றே" என்று பல பேர் அதை வாங்கவே போவதில்லை. நார்க்கட்டி என்று எடுத்ததில் வேறு ஏதாவது இருந்ததா, இனி பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான) பரிசோதனை தேவையா இல்லையா என்பதெல்லாம் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ரத்தம் பட்டதைச் சொல்லப் போன் செய்வீர்கள் அல்லவா, அப்போதே ரிப்போர்ட்டையும் கேட்டுவிடுங்கள்.